நாலு பேருக்கு ஓர் ஊர்

தான் குடியிருக்கப்போகும் ஊரைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்று தர்ஷனாவின் பரம்பரையில் அவளுக்கு முன் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. பூட்டனாரைக் கங்காணி கூட்டி வந்து இலங்கையில், கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே ஒரு மலையில் விட்டார். தாத்தாவுக்கு லயத்து வரிசை அறைகளில் எந்தக் காம்பரா என்பதைத் தோட்டத்துரை சொன்னார். அப்பா காளிமுத்துவின் காலத்தில் இரண்டு அரசாங்கங்கள் கூடிப் பேசி, இன்னார் இங்கே இருக்கலாம், இன்னார் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று பட்டியல் போட்டன. காளிமுத்துவின் பெயர் ஒரு பட்டியலில் விழுந்தது, அவருடைய அண்ணனின் பெயர் மற்றதில். ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தெட்டில் கண்டி ரயில் நிலையத்தில் அண்ணனை ஏற்றிவிட்டதுதான் கடைசி. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து நாலைந்து கடிதங்கள் வந்தன. பிறகு அவையும் நின்றுபோயின.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து காளிமுத்து தன் ஒரே மகளைப் படிக்க வைத்தார். அவள் கலஹாவிலிருந்து பஸ் ஏறிப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், மருத்துவ ஆய்வுகூடத் துறையில் பட்டம் எடுத்தாள். கண்டியில் ஒரு தனியார் லேபில் வேலை கிடைத்தது. ஹோட்டல் ஒன்றில் மின்சாரப் பராமரிப்பு பார்த்த மோகனராஜைக் கட்டிக்கொண்டு அம்பிட்டியவில் வாடகை வீட்டில் குடியேறினாள். மூத்தவன் கௌசிகன். அவனுக்கு ஐந்து வயதானபோது லதுஷா பிறந்தாள்.

லதுஷாவுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொன்ன அன்று மோகனராஜ் வார்டுக்கு வெளியே போய் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தான். வந்தவன் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, மூக்கு தன் அம்மாவின் மூக்கு மாதிரி இருப்பதாகச் சொன்னான். அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றி ஒப்பாரி எதுவும் இருக்கவில்லை. பிள்ளை மெதுவாக நடந்தாள், மெதுவாகப் பேசினாள். ஆட்களின் முகத்தை மட்டும் மற்றவர்களைவிட வேகமாகப் படித்தாள். தர்ஷனா வேலையில் திட்டு வாங்கி வந்தால் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள்.

பெற்றோல் வரிசையும் மின்வெட்டுமாக நாடே தள்ளாடிய இருபத்திரண்டாம் ஆண்டில்தான் வெளிநாட்டு நினைப்பு அவர்கள் வீட்டுக்குள் வந்தது. லதுஷாவுக்குத் தினமும் காலையில் தைரொயிட் மாத்திரை கொடுக்க வேண்டும். அந்த வருடம் கண்டியில் எந்தப் பார்மசியிலும் அது இல்லாமல் போன ஒரு வாரம் வந்தது. கடைசியில் மாத்தளையில் கிடைத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்புகையில், பஸ்ஸில் நின்றபடியே தர்ஷனா முடிவெடுத்துவிட்டாள். இந்தப் பிள்ளைக்கு ஒரு மாத்திரைக்காக ஊர் ஊராக அலையாத இடம் ஒன்று வேண்டும்.

அவளுடைய படிப்புக்கு ஆஸ்திரேலியாவில் கேள்வி இருந்தது. பெரிய நகரங்களுக்கு வெளியே குடியிருக்கச் சம்மதித்தால் வாய்ப்பு கூட என்று, யட்டிநுவர வீதியில் விசா அலுவலகம் வைத்திருந்த தாஸிம் சொன்னார். அவர் ஆசை காட்டிப் பேசுகிற ஆள் இல்லை. முடியும் என்றால் முடியும் என்பார், ஏலாது என்றால் ஏலாது. அதனாலேயே அவர் சொல்லை இருவரும் நம்பினார்கள்.

எந்த ஊர் என்பதில்தான் புருஷனும் பெண்சாதியும் முதல் முறையாக நன்றாக முட்டிக்கொண்டார்கள். மோகனராஜின் சித்தப்பா மகன் கணேஸ் மெல்பேர்னில் இருந்தான். ஜீலோங்குக்கு வாருங்கள், என் வீட்டிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டம், தமிழ்க்கடை இருக்கிறது, கோயில் பக்கத்தில், நல்லது கெட்டதுக்கு ஆள் இருக்கிறது என்று அவன் வற்புறுத்தினான். மோகனராஜுக்கு அதுவே வேதவாக்கு. தெரியாத ஊரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் கூப்பிட ஆள் வேண்டாமா என்றான். தர்ஷனா ஒற்றைக்காலில் நின்றாள். லதுஷா பஸ் ஏறினால் வாந்தி எடுப்பாள், ஹோர்ன் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். அவளை நடத்திக் கூட்டிப்போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒன்றரை வருடம் அவள் இதே வேலையாக இருந்தாள். லேபில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் சோற்றுப் பார்சலும் மறு கையில் போனுமாக, பார்க்காத நாட்டின் தெருக்களில் ஏறி இறங்கினாள். கடைசியில் பல்லராட் என்ற ஊரைப் பிடித்தாள். மெல்பேர்னிலிருந்து உள்ளே தள்ளி, குளிரான ஊர். விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் அங்கே இருந்தது. அதிலிருந்து பத்து நிமிட நடைக்குள் வாடகை வீடுகள் விளம்பரமாயின. ஆஸ்பத்திரியும் தூரமில்லை, அவளுக்கு லேப் வேலை கிடைக்க வாய்ப்பிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மின்னஞ்சல் எழுதினாள். அங்கிருந்த ஓர் அம்மா பதில் போட்டிருந்தார்: உங்கள் மகளைச் சந்திக்க ஆவலாக இருக்கிறோம். அந்த ஒரு வரியைத் தர்ஷனா மோகனராஜுக்கு வாசித்துக் காட்டினாள். அவன் அதற்குமேல் ஜீலோங்கைப் பற்றிப் பேசவில்லை.

"சரி புள்ள. நீ சொல்ற ஊருக்கே போவோம்" என்றான்.

பிள்ளைகளும் மனதால் அந்த ஊருக்குள் போய்விட்டார்கள். கௌசிகன் அங்கே எந்தப் பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் உண்டு என்று தேடி வைத்தான். ஒன்பதாம் வகுப்பில் அவன் கூட்டாளிகளெல்லாம் அவனை ஏற்கெனவே ஆஸ்திரேலியாக்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். லதுஷாவுக்கு அந்த ஊரின் பெயர் வாயில் நுழையவில்லை. பல்லாட்டு, பல்லாட்டு என்று பாட்டாக்கிக்கொண்டு திரிந்தாள். வீட்டுக்கார முதலாளி நல்ல மனிதர். இவர்கள் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், மார்ச் முடிவில் வீட்டைத் தன் மகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். தாராளமாக என்றாள் தர்ஷனா. அதற்குள் விசா வந்துவிடும் என்ற நம்பிக்கை.

விஷயத்தைச் சொல்லக் கலஹாவுக்குப் போன அன்று காளிமுத்து எவ்வளவு தூரம், என்ன குளிர் என்றெல்லாம் விசாரிக்கவில்லை. பஸ் வரும் நேரத்தில் மட்டும் ஒன்று கேட்டார்.

"எல்லாரும் ஒண்ணாத்தானே போறீங்க?"

"ஒண்ணாத்தான்ப்பா. நாலு பேரும்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

மருத்துவப் பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போனார்கள். லதுஷா டாக்டரிடம் தானாகவே கையை நீட்டினாள், ஊசிக்கும் அழவில்லை. சில வாரம் கழித்து அவளைப் பற்றி இன்னும் சில அறிக்கைகள் கேட்டு எழுதினார்கள். தர்ஷனா சந்தோஷமாகவே தயாரித்தாள். தானாக ஒரு கடிதமும் எழுதி இணைத்தாள். இன்ன பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறோம், அங்கே பேச்சுப் பயிற்சி உண்டு, கை வேலைப் பயிற்சி உண்டு, இதற்காகவே இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தோம் என்று மூன்று பக்கம். பொறுப்பில்லாமல் வருகிறவர்கள் அல்ல என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்பது அவள் எண்ணம்.

இருபத்தைந்தாம் ஆண்டு ஜனவரியில் தாஸிம் அவளைத் தனியாக வரச் சொன்னார். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போனாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, வந்திருந்த கடிதத்தை அவர் வரி வரியாக விளங்கப்படுத்தினார். பிள்ளையின் விசேட கல்விக்கும் பராமரிப்புக்கும் அந்த நாடு செலவழிக்க வேண்டிவரும் தொகையை மதிப்பிட்டிருக்கிறார்கள். அது அவர்கள் வைத்திருக்கும் எல்லைக்கு மேலே போகிறது. ஆகவே லதுஷா உடல்நல நிபந்தனையில் தேறவில்லை. அவள் தேறாதபடியால் நாலு பேரும் தேறவில்லை.

தர்ஷனாவுக்கு முதலில் தன் கடிதம்தான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தின் பெயர், பயிற்சிகளின் பெயர், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்ற விவரம், எல்லாவற்றையும் தன் கையாலேயே அல்லவா எழுதிக் கொடுத்தாள். தாஸிம் அவள் மனதைப் படித்தவர் போல, அந்தக் கடிதம் இல்லாவிட்டாலும் இதுதான் வந்திருக்கும் என்றார். அவள் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை.

பதில் எழுத இருபத்தெட்டு நாள் தவணை இருந்தது. பிள்ளையின் நிலை மாறினால் எழுதலாம். மாறுகிற நிலையா அது? விலக்குக் கேட்க இந்த வகை விசாவில் இடமில்லை என்றார் தாஸிம். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வீதியில் பஸ் நடத்துனர் ஒருவன் கட்டுகஸ்தோட்டை, கட்டுகஸ்தோட்டை என்று கூவிக்கொண்டிருந்தான். அப்போதுதான் தர்ஷனா தாஸிமிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். தன் குரல்தான் கேட்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

"லதுஷா இங்க எங்க அப்பாகூட இருந்தா? நாங்க மூணு பேரு மட்டும் போக முடியுமா?"

தாஸிம் நிமிரவில்லை. "அப்பிடியும் ஏலா மிஸ். உட்டுட்டுப் போனாலும் புள்ள குடும்பத்துல ஒராள்தான். ஒராளுக்கு இல்லாட்டி ஒருத்தருக்கும் இல்ல."

அவள் எழுந்து நன்றி சொல்லிவிட்டு லேபுக்குத் திரும்பினாள். அன்று பின்னேரம் ஒரு தவறும் விடாமல் எல்லா இரத்த மாதிரிகளையும் பார்த்து முடித்தாள். கை தன்பாட்டில் வேலை செய்தது. நெஞ்சுக்குள் மட்டும், ஏலும் என்று அந்த மனிதர் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்ற கேள்வி ஒரு முள்ளைப் போல் ஏறி நின்றது. அதற்குப் பதில் தேட அவள் பயந்தாள்.

விசா இல்லை என்பதை மோகனராஜிடம் அன்றே சொன்னாள். கேட்ட கேள்வியைச் சொல்லவில்லை. அவன், ஊரில் யாருக்கும் பிள்ளையால்தான் என்று தெரியக்கூடாது, விசாவுக்குப் புள்ளி போதவில்லை என்று சொல்லிவிடுவோம் என்றான். கணேஸுக்கும் கலஹாவுக்கும் அந்தக் கதைதான் போயிற்று. காளிமுத்து அதைக் கேட்டுவிட்டு, போகட்டும்மா, இருக்கிற இடத்தில் இருப்போம் என்றார்.

கௌசிகனிடம் பொய் எடுபடவில்லை. அவன் போனிலேயே சட்டத்தைத் தேடிப் படித்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறை வாசலில் வந்து நின்றான். லதுஷா தரையில் உட்கார்ந்து தாய்க்கு வெள்ளைப்பூண்டு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இவ இல்லாட்டி நாம போயிருப்போம். அப்படித்தானே?" என்றான்.

உள்ளே நின்ற மோகனராஜ் பிள்ளைகளுக்குக் கை ஓங்காதவன். அன்று ஓங்கினான். மகனின் முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டான். பையன் அழுதுகொண்டிருந்தான். பதினாலு வயதுக்குள் அவன் ஆசைப்பட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான். அவனை அடிக்கவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை. லதுஷா குனிந்தபடி பூண்டை உரித்துக்கொண்டேயிருந்தாள். அவளுக்கு விளங்கவில்லை, நல்லவேளை என்று பெரியவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

மார்ச் வந்துவிட்டது. முதலாளியின் மகள் சாமான்களோடு வரக் காத்திருந்தாள். அவரிடம் போய் வாக்கை மாற்ற இருவருக்கும் வாய் வரவில்லை. மறுபடியும் வீடு தேடும் படலம். அம்பிட்டியவிலேயே ஒரு வீடு பிடித்திருந்தது. பேச்செல்லாம் முடிகிற நேரத்தில் வீட்டுக்கார அம்மா லதுஷாவைப் பார்த்தார். பிறகுதான் வேறு யாருக்கோ சொல்லிவைத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. பேராதனைப் பக்கம் கை வைக்க முடியாத வாடகை. தேடித் தேடிக் கடைசியில் குருநாகல் வீதியில் கலகெதர வரை போனார்கள்.

டவுனிலிருந்து சற்று மேலே ஏறும் பாதையில் நஸ்லியா என்ற ஆசிரியையின் வீடு. அதையொட்டி ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். கண்டியிலிருந்து ஒரு மணித்தியால பஸ். லதுஷா போய்வந்த விசேட கல்விப் பிரிவு கண்டியில். இங்கே அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் நஸ்லியா பிள்ளையைப் பார்த்த பார்வையில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. பெயரைக் கேட்டுவிட்டு, சாவியை அவள் கையிலேயே கொடுத்து, திறந்து பார்க்கச் சொன்னார்.

கௌசிகன் வாசல் கேற்றடியில் போனோடு நின்றுவிட்டான். மோகனராஜ் மின் இணைப்பைச் சோதிக்கப் பின்பக்கம் போனான். லதுஷா தாயின் விரலைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள். இது அப்பா அம்மா ரூம், இது அண்ணா ரூம் என்று பிரித்தாள். வீட்டில் அறைகள் இரண்டுதான். அம்பிட்டியவிலும் அவள் பெற்றோரோடுதான் படுப்பாள்.

"உனக்கு எது?" என்று தர்ஷனா சும்மா கேட்டாள்.

லதுஷா விரலை விட்டாள். நெடுநாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பாடத்தை ஒப்பிப்பது போல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நான் தாத்தா வீட்ல இருக்கேன். நீங்க பிளேன்ல போங்க. அண்ணாவும் போகட்டும். நான் அழ மாட்டேன்."

சொல்லிவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். தாய் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்த சிரிப்பு.

தர்ஷனா அவளை வாரி எடுத்தாள். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தூக்க முடியாமல் அப்படியே சீமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் எங்கேயும் போகவில்லை, நீ இல்லாமல் யாரும் போக மாட்டோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தன் வாயால் அதைச் சொல்லத் தனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டேயிருந்தது.

சத்தம் கேட்டு வந்த நஸ்லியா ஒன்றும் விசாரிக்காமல் லதுஷாவைத் தன் வீட்டுப் பூனைக்குட்டிகளைக் காட்டக் கூட்டிப்போனார். தர்ஷனா பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். மோகனராஜ் கையிலிருந்த டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து அமர்ந்தான். பிள்ளை சொன்னதை அவள் சொன்னாள். அதற்குமேல் மூடிவைக்க அவளால் முடியவில்லை.

"என்னங்க, நான் அன்னைக்கு தாஸிம்கிட்ட கேட்டேன். இவள அப்பாகிட்ட விட்டுட்டு நாம மூணு பேரும் போகலாமான்னு கேட்டேன். புள்ள சொன்னத நான் எப்பவோ சொல்லிட்டேன்."

அவன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். போனால் நியாயம்தான் என்றும் நினைத்தாள். அவன் எழவில்லை. எதிரே இருந்த பலா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் கேட்டேன்" என்றான்.

அவளுக்கு விளங்கவில்லை.

"நீ வந்து சொன்ன மறுநாள் வேலைக்குப் போறேன்னு போனேன்ல. தாஸிம்கிட்டதான் போனேன். அதேதான் கேட்டேன்." பிறகு, "நீ கேட்டது எனக்குத் தெரியாது. நான் மட்டுந்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றான்.

தாஸிம் இருவரில் ஒருவரிடமும் மற்றவரைப் பற்றி மூச்சு விட்டிருக்கவில்லை. இரண்டு மாதம் ஒரே வீட்டில், ஒரே பாயில், ஒரே குற்றத்தை ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பிப் படுத்துச் சுமந்திருக்கிறார்கள். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்பார்கள். அவர்களுக்குக் குறையவில்லை. ஒருவரையொருவர் மன்னிக்கலாம் என்றால் மன்னிக்கிற உரிமை அவர்களிடம் இல்லை, அந்த உரிமை உள்ளவள் அடுத்த வீட்டில் பூனைக்குட்டியோடு பேசிக்கொண்டிருந்தாள். மோகனராஜ் தோளில் கிடந்த கைலேஞ்சித் துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தான். பிறகு அதைத் திரும்ப வாங்கித் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நஸ்லியா திரும்பி வந்து, "ஊடு புடிச்சிச்சா?" என்று கேட்டபோது எடுத்துக்கொள்கிறோம் என்று மோகனராஜ்தான் சொன்னான். அந்த வீட்டை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. அன்று அதற்குமேல் நடக்க இருவருக்கும் தெம்பில்லை.

இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். தர்ஷனா காலை ஐந்தரை பஸ்ஸில் லேபுக்குப் போகிறாள். கௌசிகன் கண்டிப் பள்ளிக்கூடத்தை விடவில்லை. தாயும் மகனும் ஒரே பஸ்ஸில் போனாலும் அவன் பின் சீட்டில்தான் உட்காருகிறான். பதினெட்டு வயதானதும் எங்கேயாவது போய்விடுவேன் என்று ஒரு தடவை சொன்னான். மன்னிப்புக் கேட்டு அவன் தங்கைக்கு ஒரு சொக்லேட் வாங்கிக் கொடுத்ததை நஸ்லியா பார்த்திருக்கிறார். வீட்டில் அவன் அதைக் காட்டிக்கொள்வதில்லை. லதுஷாவைப் பஸ்ஸில் அவ்வளவு தூரம் கூட்டிப்போக முடியாமல் பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. ஹோட்டலில் பின்னேர வேலை கேட்டு வாங்கிக்கொண்ட மோகனராஜ் மதியம்வரை அவளோடு இருந்து எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறான். அவன் போன பிறகு நஸ்லியா பாடசாலை விட்டு வந்து பார்த்துக்கொள்கிறார். அந்த நாட்டுக்குப் போகாவிட்டால் என்ன, வேறொரு நாடு இருக்கிறது, அங்கே இந்த நிபந்தனை இல்லை என்று தாஸிம் ஒருமுறை அழைத்துச் சொன்னார். பார்ப்போம் என்றாள் தர்ஷனா. இன்னும் பார்க்கவில்லை.

கலகெதரவில் அவர்களைத் தெரிந்தவர்கள் லதுஷாவைக் கெட்டிக்காரி என்கிறார்கள், அடம் பிடிக்காத பிள்ளை என்கிறார்கள். உண்மைதான். முன்பெல்லாம் யாராவது வாசலில் செருப்பை மாட்டினால் போதும், தன் செருப்பை இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் பாதையில் நிற்பாள். இப்போது அப்படி ஓடி வருவதில்லை. கலஹாவுக்குத் தாத்தாவைப் பார்க்கப் போவதானாலும், முக்குக் கடைக்குப் பாண் வாங்கப் போவதானாலும், கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள், அப்பாவின் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு மெதுவாக ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள்.

"நானும் வரவா?"